நிழலுக்குள் ஒரு குடை

"முதல்ல இந்தக் குடைய எடு" என்றாள் மடிப்பக்கா, பால்கனிக்குள் ஒரு காலை மட்டும் வைத்துக்கொண்டு. இரண்டாவது காலுக்கு இடமில்லை.

அவளுடைய சொந்தப் பெயர் அந்த மாடியில் யாருக்கும் ஞாபகமில்லை. அவள் வீட்டில் மேசை மடியும், நாற்காலி மடியும், துணிக்கொடியும் மடியும். ஒரு பாய் அகலமே உள்ள தன் பால்கனியில் அரை டஜன் பேரை உட்காரவைத்து டீ கொடுத்தவள். கணவரையும் மடித்துத்தான் வைத்திருக்கிறாள் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்வதுண்டு, அவள் காதில் விழாத தூரத்தில்.

மாடியில் மற்ற பால்கனிகளையெல்லாம் அவள் திருத்திவிட்டாள். மிச்சம் இது ஒன்றுதான்.

இங்கே குடியிருப்பது புதுத் தம்பதி. கணவனுக்கு ஏதோ கட்டுமானக் கம்பெனியில் வேலை. அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலை நீட்டிக் காற்றாட உட்கார அவளுக்கு ஓர் இடம் வேண்டும். குழந்தை வந்துவிட்டால் அப்புறம் இந்த பால்கனிக்கு விமோசனமே கிடையாது என்பது அக்காவின் கவலை.

காலி அட்டைப்பெட்டிகள் வெளியேறின. துடைப்பம் கதவுக்குப் பின்னால் போனது. செடித்தொட்டிகள் சுவரில் ஏறித் தொங்கின. மடக்கு நாற்காலி ஒன்றும், கால் நீட்ட ஒரு ஸ்டூலும் அக்கா வீட்டிலிருந்து வந்து சேர்ந்தன.

எல்லாவற்றுக்கும் அந்தப் பெண் தலையாட்டினாள். குடை என்றதும் மட்டும் தலை நின்றுவிட்டது.

கடற்கரையில் ஐஸ் விற்பவர்கள் வைத்திருப்பதைப் போன்ற பெரிய சிவப்புக் குடை. பால்கனிக் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பாதி உள்ளே, பாதி வெளியே என்று சாய்ந்து நின்றது. உள்ளே நீட்டியிருந்த குடைக்கம்பி நுனிகள் யார் கண்ணைக் குத்தலாம் என்று காத்திருந்தன.

"மேல்வீட்டு பால்கனியே கூரை மாதிரி இருக்கு. அப்புறம் எதுக்கும்மா குடை? தெருவுக்கு நிழல் குடுக்கறியா?"

"அது இருக்கட்டும்க்கா. அவரு கட்டினது."

"ஆம்பளைங்க கட்டினா இப்படித்தான் இருக்கும். அவருகிட்ட நான் பேசிக்கறேன்."

"இல்லக்கா, அது வந்து..."

சொல்ல வந்ததை வெட்கம் பிடித்து இழுத்துவிட்டது.

அக்கா குடையை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தாள். "ஆமா, வலி எடுத்தா யாரைக் கூப்பிடுவ? உன் வீட்டுக்காரர் போனே எடுக்கமாட்டேங்கறாரே."

"வேலை நேரத்துல போன் வச்சுக்கக் கூடாதுக்கா. ஆனா வந்துடுவாரு."

"எப்படி? கனவுல தெரியுமா?"

"வந்துடுவாருக்கா" என்று சிரித்துக்கொண்டே டீ போட உள்ளே போனாள்.

இப்படியும் ஒரு வெகுளி உண்டா! இன்றிலிருந்து ஆட்டோக்காரர் நம்பரைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அக்கா மனதுக்குள் முடிவு செய்தாள்.

பிறகு அக்கம்பக்கம் பார்த்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் பாதி எழும்பிய ஒரு கட்டடம். அதன் தலைக்கு மேல் மஞ்சள் கிரேன் ஒன்று, நீட்டிய கையில் செங்கல் கட்டைத் தொங்கவிட்டபடி நிதானமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வேறு சாட்சி யாருமில்லை.

கயிற்றை அவிழ்த்தாள். குடையை மடக்கினாள். மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிச் சுருட்டி, அதே கயிற்றால் இறுக்கி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு மூலையில் சாத்தினாள்.

நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிப் பார்த்தாள். எங்கும் இடிக்கவில்லை. இவ்வளவு இடத்தையும் இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்?

எதிரே செங்கல் கட்டு அவசரமாகத் தரையிறங்கியது. கிரேனின் கை நின்றது. கீழே தலைக்கவசம் போட்டவர்கள் அண்ணாந்து ஏதோ கத்தினார்கள். உச்சியிலிருந்த கண்ணாடிக் கூண்டின் கதவு திறந்தது. அதிலிருந்து வெளிப்பட்ட ஓர் ஆள் ஏணியில் மளமளவென்று இறங்க ஆரம்பித்தான்.

"இவனுக்கு என்ன வந்தது?" என்றாள் அக்கா.

டீயோடு வந்த பெண் மூலையைப் பார்த்தாள். ஏணியைப் பார்த்தாள். டம்ளரை நங்கென்று ஸ்டூலில் வைத்தாள்.

"ஐயோ, அது எங்க வீட்டுக்காரருக்கா! குடை விரிஞ்சிருந்தா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். மடக்கினா வலி வந்துடுச்சுன்னு!"

மடிப்பக்கா தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பொருளை விரிக்க அவசரப்பட்டாள். அவள் போட்ட முடிச்சு அவளுக்கே இளகவில்லை. நகத்தால் நெம்பினாள். பல்லால் கடித்தாள். கடைசியில் குடை படாரென்று விரிந்து, அவளைச் செடித்தொட்டியோடு சேர்த்துச் சுவரில் ஒட்டியது. ஒட்டிய நிலையிலேயே குடையைக் கம்பிக்கு வெளியே நீட்டி ஆட்டினாள்.

பாதி ஏணியில் அந்த ஆள் நின்றான். உற்றுப் பார்த்தான். தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெதுவாக, படிப்படியாக, மறுபடி மேலே ஏறத் தொடங்கினான்.

"நல்ல ஆளாத்தான் பிடிச்சிருக்க, போ!" என்று அக்கா மூச்சு வாங்கினாள்.

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு கையால் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை இடுப்புக்குப் போயிற்று.

அங்கே அவன் கூண்டை நெருங்கிவிட்டான்.

"அக்கா" என்றாள் மெல்ல. "திரும்ப மடக்கிடுங்க."