மேசைக்கு அடியில் போகும் ஒயர்

அந்தச் சின்ன டாக்டர் பெண் தண்ணீர் ஊற்றி நீட்டியதுமே தையல்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்தக் காலத்து டாக்டரும் இப்படித்தான். முதலில் தண்ணீர். பிறகு ஒரு சிரிப்பு. பிறகுதான் கதவைச் சாத்தினார்.

இவளும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியாரைக் காட்டி, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்றாள்.

"தம்பிங்க."

கண் இமைக்காமல் சொன்னார். வீட்டுச் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம், வாத்தியார் கணக்கு நடத்திய பள்ளிக்கூடம், எல்லோருக்கும் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த பதில். இங்கே அது பிசகவே கூடாது. இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வதற்கு வியாதி என்று பெயர் வைத்தது இந்த மாதிரி அறைகளில்தான். வைத்தவர்கள் மனசுக்கு வைத்தியம் படித்தவர்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லையாம். பேப்பரில் போட்டிருந்தது.

பேப்பரில் என்னதான் போடமாட்டார்கள்.

வரும்போது பஸ்ஸில் வாத்தியாருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டால் தம்பி என்று சொல். வாத்தியார் தலையை ஆட்டினார். சமீபமாக அவர் எதற்கும் தலையை ஆட்டுகிறார். போன வாரம் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று கேட்டார். அதனால்தான் வந்திருக்கிறார்கள்.

மேசைக்கு அடியில் ஒரு கறுப்பு ஒயர் போனது. எங்கே போய் முடிகிறது என்று தெரியவில்லை.

"நூறுல ஏழு போனா எவ்வளவு சார்?"

"தொண்ணூத்து மூணு. மூணாங்கிளாஸ் கணக்கை என்கிட்ட கேக்குறியேம்மா!"

அவள் சிரித்தாள். இழுப்பறையைத் திறந்தாள்.

படங்கள்.

தையல்காரரின் கை தானாகப் போய் வாத்தியாரின் மணிக்கட்டை மூடிக்கொண்டது. அன்றைக்கும் படம்தான் காட்டினார்கள். ஆம்பளைப் படம் வந்தால் மணிக்கட்டில் சுரீரென்று கரண்ட். பொம்பளைப் படம் வந்தால் இல்லை.

ஒட்டகம் என்றார் வாத்தியார். அடுத்தது சிங்கம் என்றார்.

வெறும் சிங்கம்தான். ஆனாலும் தையல்காரர் கையை எடுக்கவில்லை.

டாக்டர் படங்களை ஓரமாக வைத்துவிட்டுத் தையல்காரரைக் காட்டினாள். "இவர் யாரு சார்?"

வாத்தியார் வெகுநேரம் பார்த்தார். தம்பி, தம்பி என்று தையல்காரரின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஆஸ்பத்திரி பெஞ்சுல எனக்கு முன்னாடி உள்ள போயிட்டு வந்தவன். நான் அழுதுட்டிருந்தேன். 'குணமாயிடுச்சுன்னு சொல்லுடா, விட்டுருவாங்க. நான் வெளிய நிக்கிறேன்'னான்." கொஞ்சம் யோசித்தார். "நின்னான்."



டாக்டரின் பேனா நின்றிருந்தது. தையல்காரர் பக்கம் திரும்பினாள்.

"சரியாச் சொல்றாரா?"

தப்பு என்றால் ஞாபகம் போய்விட்டது என்று எழுதிக்கொள்வாள். மிச்சமிருக்கும் ஒன்றையும் அவரே அழித்த மாதிரி ஆகும். சரி என்றால், கதவு சாத்தியிருக்கிறது.

அவர் ஒயரைப் பார்த்தார். வாத்தியாரின் மணிக்கட்டைப் பார்த்தார்.

"சரிதாங்க. ஒரு வார்த்தை மாறலை."

அவள் ஒரு டிக் போட்டாள்.

"இன்னைக்கு என்ன கிழமை சார்?"

அவ்வளவுதானா?

வாத்தியார், பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையனைப் போல, உதவிக்குத் தையல்காரரைப் பார்த்தார்.

அவருக்கும் கிழமை ஞாபகம் வரவில்லை.