நாலாந்தேதி போன்

"அண்ணாச்சி, நாளைக்கு அஞ்சாந்தேதி. வேன் தவணை ஞாபகம் இருக்கா?"

கங்கைகொண்டான் தொழிற்பேட்டை வாசலில் வேனை ஓரங்கட்டிவிட்டுப் போனை எடுத்த ரெக்சன் ஒரு கணம் திகைத்தான். தெரியாத நம்பர். தெரியாத பெண் குரல்.

"நீங்க யாரும்மா?"

"சுபைதா பேசுதேன். உங்க லோன் விஷயமாத்தான். ரெண்டு மாசமா நீங்க தவணை கட்டலை. இப்படியே விட்டா சிபில் ஸ்கோர் பாதாளத்துக்குப் போயிரும், அப்புறம் ஒருத்தரும் கடன் தரமாட்டாங்க, தெரியும்லா?"

ரெக்சனுக்குச் சந்தேகம் வந்தது. "ஓடிபி கீடிபி கேட்டியன்னா போனை வச்சிருவேன், பாத்துக்கிடுங்க."

"எனக்கு ஓடிபியும் வேண்டாம், ஒரு பைசா அனுப்பவும் வேண்டாம். நேரா பேங்க்ல போய்க் கட்டுங்க. அது போதும்."

பேங்க்கிலிருந்து பேசினால் அதட்டுவார்கள் என்றுதான் அவன் பயந்துகொண்டிருந்தான். இந்த மேடம் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறார்! மறுநாள் அங்கே இங்கே புரட்டி ஒரு தவணையைக் கட்டிவிட்டான்.

அடுத்த மாதம் நாலாந்தேதி மறுபடியும் போன்.

"ஒண்ணு கட்டிட்டிய, சந்தோசம். வேற என்னென்ன கடன் இருக்கு? மறைக்காம சொல்லுங்க."

யாரிடமும் சொல்லாததையெல்லாம் ரெக்சன் கொட்டினான். கிரெடிட் கார்டு. போனில் ஆப் வழியாக வாங்கிய ரெண்டு கடன். போன கிறிஸ்துமஸுக்குத் தவணையில் எடுத்த டிவி.

"கார்டுக்கு மட்டும் தப்பாம குறைஞ்சபட்சத் தொகையைக் கட்டிருதேன் மேடம்" என்றான் பெருமையாக.

"அங்கதான் ஏமாறுதிய! மிச்சத்துக்கு வட்டி குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். முதல்ல அந்த ஆப் கடன் ரெண்டையும் முடிங்க. அடுத்தது கார்டு. வேன் தவணை தானா பேங்க் கணக்குல இருந்து போற மாதிரி எழுதிக் குடுத்துருங்க. நாலாந்தேதி கணக்குல பணம் கிடந்தா போதும்."

மூன்றாவது மாதம் ரெக்சனின் மனைவி அஞ்சலினுக்குப் பொறுக்கவில்லை.

"யாருங்க அது? மாசம் தவறாம போன் வருது. நீங்களும் காலையில இருந்து போனைக் கையிலயே வச்சிக்கிட்டு அலையுதிய!"

"பேங்க் மேடம்ட்டி. வேணும்னா நீயே கேளு" என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"அக்கா, நல்லதாப் போச்சு, நீங்களே கிடைச்சிட்டிய" என்றது அந்தக் குரல். "அண்ணாச்சிகிட்ட இருந்து அந்தக் கார்டைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டுங்க."

அன்றோடு அஞ்சலின் கட்சி மாறிவிட்டாள். கார்டு பீரோவுக்குள் போனது. சாவி எங்கே போனது என்று ரெக்சனுக்கு இன்றுவரை தெரியாது. ஆறு மாதத்தில் ஆப் கடன்கள் முடிந்தன. அப்புறம் கார்டு பாக்கி பைய பையக் கரைய ஆரம்பித்தது.

இடையில் ஒரு நாள் ரெக்சன் உற்சாகமாகச் சொன்னான். "மேடம், ரெண்டாவது வேன் எடுக்கலாம்னு நாலு கம்பெனியில லோனுக்கு எழுதிப் போடப் போறேன்."

"ஐயோ, சும்மா இருங்க! நாலு பேரும் உங்க சிபில் ரிப்போர்ட்டை எடுத்துப் பாப்பாங்க. அதுக்கும் ஸ்கோர் இறங்கும். முதல்ல உங்க ரிப்போர்ட்டை நீங்க பாத்தியளா? வருஷத்துக்கு ஒரு தடவை சும்மாவே தாராங்க."

பார்த்தான். என்றைக்கோ கட்டி முடித்த வாஷிங் மெஷின் கடன் இன்னும் பாக்கி என்று அதில் கிடந்தது. சுபைதா சொன்னபடி ரசீதை வைத்துப் புகார் எழுதிப் போட்டான். ஒரு மாதத்தில் திருத்திவிட்டார்கள்.

ஒன்றரை வருடம் ஓடியது. ஐந்நூற்று எண்பத்து மூன்றில் கிடந்த ஸ்கோர் எழுநூற்று ஐம்பத்தொன்றில் வந்து நின்றது. போனில் அந்த ஸ்கோரைக் கண்டதும் ரெக்சனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"போன்லயே பேசிக்கிட்டிருந்தா எப்படி? நேர்ல போய் அந்த மேடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றாள் அஞ்சலின்.

டவுணில் இருந்த பேங்க்குக்குச் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான். நேராக மேனேஜர் அறை.

"சார், உங்ககிட்ட வேலை பாக்குற சுபைதா மேடத்துக்குப் புரமோஷன் குடுக்கணும். வேணும்னா எழுதியே தாரேன். அவுக இல்லன்னா என் வேன் இன்னேரம் ஏலத்துல போயிருக்கும்."

மேனேஜர் விழித்தார். "சுபைதான்னு இங்க யாருமே இல்லையே."

"மாசாமாசம் நாலாந்தேதி போன் பண்ணுவாகளே!"

"நாங்க மெசேஜ்தான் அனுப்புவோம். ஒவ்வொருத்தரா கூப்பிட்டு விசாரிக்க எங்ககிட்ட ஏதுப்பா ஆளு?"

ரெக்சன் குழம்பிப்போய் வெளியே வந்தான். இத்தனை நாளில் முதல்முறையாக அவனே அந்த நம்பரைக் கூப்பிட்டான்.

"மேடம், பேங்க்ல உங்க பேரே இல்லங்காங்க. நீங்க எந்த பேங்க்?"

எதிர்முனையில் குபீரென்று ஒரு சிரிப்பு. "நான் பேங்க்னு எப்ப அண்ணாச்சி சொன்னேன்? நீங்களாத்தான மேடம் மேடம்னிய!"

"அப்ப நீங்க யாரு?"

"உங்க வேன் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டாங்களே முகம்மது மைதீன், அவங்க மக. நீங்க தவணை விட்டா எங்க வாப்பா போனுக்கும் மெசேஜ் வரும், அவங்க ஸ்கோரும் சேந்து இறங்கும். உங்ககிட்ட கேக்க அவங்களுக்குச் சங்கடம், எனக்கென்ன சங்கடம்? வாப்பா ஜாமீன்ல நான் கேட்ட தையல்கடை லோனை, அவங்க ஸ்கோரைக் காட்டி ரெண்டு தடவை தள்ளிவிட்டாங்க. நேத்துதான் அண்ணாச்சி கெடச்சிருக்கு!"