மடைக்கல்

கண்மாய் மடையருகே சாலையோரம் நிற்கும், ஆளைக் கண்டறிந்து ஊர்க்கதை சொல்லும் கருவி பதித்த வரலாற்றுக் கல், யார் எதிரே வந்தாலும் அவர் மனம் கோணாமல்தான் பேசும். தண்ணீர்த் தகராறில் அங்கே வெட்டுப்பட்டுச் செத்த சீனியாண்டியை, மடை காத்த மாவீரர் என்று அவர் பேத்தி முத்தரசியிடம் சொல்லும். அக்கரை ஊர்க்காரர்களிடம் தண்ணீர்த் திருடன் என்று சொல்லும்.

கல்யாண மாலைகளில் ஒன்றை அந்தக் கல்லுக்குச் சாத்துவது அவள் வீட்டு வழக்கம். மாப்பிள்ளை இசக்கிராஜ் அக்கரைக்காரன். தாலி கட்டித் திரும்பும் வழியில் வண்டி கல்லருகே நின்றது.

"நீங்க வண்டியிலயே இருங்க. நான் மட்டும் போட்டுட்டு வந்துருதேன்."

"ஏன், நான் கும்பிடக் கூடாதா?" என்று அவனும் இறங்கி வந்தான்.

கல்லின் கண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

"வணக்கம். இது அழகான கண்மாய். இங்கே எதுவும் நடந்ததில்லை. நிழலில் இளைப்பாறுங்கள்."

முத்தரசி மாலையைச் சாத்தாமல் அவன் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவன் தள்ளி நின்றான். கல் மறுபடியும் வணக்கம் சொன்னது, அழகான கண்மாய் என்றது.

"இன்னும் தள்ளிப் போங்களேன்!"

அவன் சாலையைத் தாண்டிப் போய் நின்றான். கல் அப்போதும் நிழலைப் பற்றியே பேசியது. முத்தரசி திரும்பி, இன்னும் போகும்படி கையை வீசினாள்.

"அக்கரைக்கே போயிரட்டா?" என்று கேட்டான் இசக்கிராஜ்.