பட்டியலில் வெட்டிய பெயர்

“ஜெஸீலாட பேர ஏன் டீச்சர் வெட்டின நீங்க?” வாசலில் நின்ற நடுவயதுப் பெண் மூச்சிரைக்கக் கேட்டாள்.

மகளிர் கல்லூரியின் கூடைப்பந்து அணியை ஒன்பது வருடமாகப் பயிற்சி கொடுத்துப் பழக்கிவரும் மர்லியா டீச்சர் நிமிர்ந்தார். ஜெஸீலா இல்லாமல் சனிக்கிழமை ஆட்டத்தில் வெல்வது கஷ்டம் என்று அவருக்கும் தெரியும்.

“பந்தத் தவற விட்டதுக்காக ஒரு புள்ளையையும் நான் நிப்பாட்டினதில்ல, உம்மா. பழக வராதவள விளையாட விட்டதுமில்ல. கலியாணம் பேசினதும் மூணு நாளா நீங்கதானே அவள அனுப்பல்ல?”

“இண்டைக்குப் பின்னேரம் வருவா.”

“வரட்டும். ஆனா சனிக்கிழமை வெளியிலதான் குந்துவா.”

“குந்தட்டும். அடுத்த ஆட்டத்துக்குச் சேருங்க.”

டீச்சருக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருந்தது. “மாப்பிள்ளட உம்மா பொல்லாதவவாம். புள்ள விளையாடப் போனா கலியாணத்தையே குழப்பிருவாவாம். உங்களுக்குப் பயமில்லையா?”

“பயம் ஜெஸீலாட உம்மாக்குத்தான். மாப்பிள்ளட உம்மா நான்தான்.”