நாற்பத்திரண்டு அங்குலச் சோகம்

காதில் ஒருவன் வீட்டைக் கொளுத்தப் போவதாகக் கத்திக்கொண்டிருந்தான்.

கொளுத்தேன், வாடகைப் பத்திரம் உன் பேர்லயா இருக்கு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே, மடியில் கிடந்த கறுப்புத் தோல் பேண்டின் பின்தையலை அவள் பிளேடால் பிரித்தாள்.

அவள் தையல்காரி. வீட்டு முன்னறையில் ஒரு மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, பிரித்துத் தைக்க வந்த துணிகள் ஒரு மூட்டை. இது ஊருக்குத் தெரிந்தது. அவள் பாட்டு எழுதுகிறவள் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி அவள்.

ஹெட்போனில் ஓடியவை அவளுக்கு ரொம்பப் பிடித்த ராக் பாட்டுகள். பிடித்தவை என்றால், கூடப்பிறந்தவர்களைப் பிடிப்பது மாதிரி. திட்டாமல் இருக்க முடியாது.

அடுத்த பாட்டில் ஒருவன் மேடையிலேயே கிடாரை அடித்து நொறுக்கினான். கூட்டம் ஓவென்று அலறியது. சில்லுகளைப் பெருக்கி அள்ளினது யார் என்று அந்தப் பாட்டில் இல்லை.

அதற்கடுத்தவன் விடுதலை வேண்டும் என்று எட்டு நிமிஷம் கதறினான். எதிலிருந்து என்றால், பெண்டாட்டியிடமிருந்து. அவனைக் கட்டிப்போட்டிருந்தது மத்தியானச் சாப்பாடு மட்டும்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனாலும் டிரம்ஸ் அதிர்ந்தபோது அவள் கால் பெடலில் தானாகத் தாளம் போட்டது. அதுதான் ஆத்திரமே. மெட்டு தங்கம். எழுதினவன் மண்ணாங்கட்டி.

இப்படி எரிந்து எரிந்துதான் அவள் பதில் எழுத ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பாட்டுகளில் ஏமாற்றுகிற, ஓடிப்போகிற, கல்நெஞ்சாக நிற்கிற பெண்ணுக்குப் பேச ஒரு வரிகூட எவனும் கொடுத்ததில்லை. சரி, நான் தருகிறேன் என்று உட்கார்ந்தாள். அளவு நோட்டைத் திருப்பிப் பிடித்து, கடைசிப் பக்கத்திலிருந்து எழுதினாள். முன்பக்கம் ஊராரின் இடுப்பு, பின்பக்கம் அவள் வயிற்றெரிச்சல்.

அதில் ஒரு பாட்டு இன்று சாயங்காலம் மேடையேறுகிறது.

கண்ணைப் பாடினாய், கூந்தலைப் பாடினாய்,
அன்று நான் சொன்னதை எந்தப் பாட்டில் வைத்தாய்?

ஆயிரம் பேர் உட்காரும் அரங்கம். ஆறு மணிக்கு அவள் முன்வரிசையில் இருந்தாக வேண்டும். தன் வரி இன்னொரு வாயிலிருந்து வரும்போது எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

ஹெட்போனில் கடைசிப் பாட்டு வந்தது. இது உள்ளூர்ச் சரக்கு. ஊரே 'தாடி' என்று கூப்பிடும் பாடகனுடையது. இன்று அவள் பாட்டைப் பாடப்போகிறவனும் அவன்தான். பேண்டும் அவனுடையதுதான்.

அந்தப் பாட்டில், விடிகாலை மழையில் ஒருத்தி அவனிடம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்குவதில்லை, தூக்கம் அண்டுவதில்லை. பத்து வருஷமாகப் பாடுகிறான். ஒவ்வொரு தடவையும் மூன்றாம் சரணத்தில், அதே எழுத்தில், குரல் உடையும். கூட்டத்தில் மூக்கைச் சிந்துவார்கள். அந்தப் பாவி விளங்குவாளா என்பார்கள்.

சோறு இறங்காதவனின் இடுப்பு நாற்பத்திரண்டு அங்குலம். இந்த வருஷத்தில் இது மூன்றாவது பிரிப்பு. விடுவதற்கு இனித் தோல் இல்லை என்று ஒட்டுத் துண்டு வைத்துத் தைத்து முடித்தாள்.

வாசலில் நிழல் தட்டியது. ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

தாடியின் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் வழுக்கைக்காரர், பேண்டை வாங்க வந்திருந்தார். வழக்கமாக வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கேட்டு, குழுவில் யாருக்கும் யாருக்கும் முட்டிக்கொண்டது என்று கதையளக்கிறவர். இன்று நின்றார். மிஷினைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். ஒத்திகையில் அவள் பாட்டு பிரமாதமாக வந்திருக்கிறது என்றார். பத்திரிகையிலிருந்து ஆள் வருகிறது என்றார். இரண்டையும் இரண்டு தடவை சொன்னார்.

அவள் பேண்டை மடித்துப் பையில் போட்டு நீட்டினாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் இன்னிக்கு உங்கள வர வேணாம்னு சொல்லச் சொன்னாரு. நீங்க விட்டுட்டுப் போன நோட்டுல கெடச்ச பாட்டுன்னு சொல்லித்தான் மேடையில பாடப் போறாரு. நீங்களே முன்னாடி வந்து உக்காந்திருந்தா நல்லா இருக்காதுல்ல."

தாடிக்குக் கழுத்தை நீட்டிப் பதினாறு வருஷம். அம்மா வீட்டுக்குப் போனால்கூட இருட்டுவதற்குள் திரும்பி வந்து அவனுக்குத் தட்டு வைத்தவள்.

பையின் ஒரு பிடி அவர் கையிலும் ஒரு பிடி அவள் கையிலுமாக இருந்தது. கத்தரிக்கோல் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள் என்பதை அவரும் பார்த்தார்.

"நான் எங்க போனேன்னு சொல்றாரா?"

டிரம்காரர் நிஜமாகவே யோசித்தார். பத்து வருஷமாக வாசிக்கிற பாட்டு, ஒரு சொல் விடாமல் மனப்பாடம்.

"இல்ல அண்ணி. அது மட்டும் எங்கயும் வராது."

அவள் தன் பக்கத்துப் பிடியை விட்டாள்.

போகிற இடத்தை மட்டுமாவது அவன் அவளுக்கென்று விட்டுவைத்திருந்தான்.