செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஸ்பீச்

“காலேஜ் கிளாஸ்ல பொண்ணு பக்கத்துலயே உக்காந்து அம்மா நோட்ஸ் எழுதறா. இந்த அநியாயம் எங்கேயாவது உண்டா?”

காரை ஓட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் கேட்டாள் விசாலாக்ஷி. மறுமுனையில் கணவர் மகாதேவன், ஆபீஸில், ஒரு மீட்டிங்குக்கும் இன்னொரு மீட்டிங்குக்கும் நடுவில்.

“யாரைச் சொல்றே?”

“நம்ம வசந்தாமணியைத்தான். கயலோட அம்மா. கதவுக் கண்ணாடி வழியா என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

“அங்க நீ எதுக்குப் போனே?”

“தீபக் லன்ச் பாக்ஸை மறந்துட்டான். கிளாஸ்ல கொண்டுபோய்க் கொடுத்தேன். அது வேற விஷயம்.”

வேற விஷயம்தான். மகாதேவன் அதற்கு மேல் கேட்கவில்லை. இருபது வருஷ அனுபவம்.

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவில் அவர்கள் பிள்ளைகள் படிக்கும் இலவச சார்ட்டர் ஸ்கூலில் இடம் கிடைப்பதே குலுக்கலில்தான். பள்ளிக்கூடம் படிக்கும்போதே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜிலும் வகுப்புக்குப் போகலாம். முடிக்கும்போது ஒரு கையில் ஸ்கூல் டிப்ளமா, இன்னொரு கையில் ரெண்டு வருஷ காலேஜ் டிகிரி. நடுவில் ஒரு பாடம் கோட்டைவிட்டால் டிகிரி அம்பேல்.

விசாலாக்ஷியின் தீபக் லெவன்த். கயல் ட்வெல்த், டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டவள்.

“ப்ரொஃபஸர் ஒருநாள், இந்த நோட்ஸ் யார் எழுதினதுன்னு கேட்டா என்ன ஆகும்? அந்தப் பொண்ணு மூணு வருஷம் கஷ்டப்பட்டதெல்லாம் வீண். பெத்தவளே கெடுக்கறா. நான் பேசத்தான் போறேன்.”

“உனக்கு எதுக்கு…” என்று மகாதேவன் ஆரம்பிப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

வியாழக்கிழமை காலேஜ் பார்க்கிங்கில் ஆள் அகப்பட்டாள். வசந்தாமணியின் தோளில் கனத்த புத்தகப் பை. கூடவே கயல், ஒரு ஐஸ் காபியை மட்டும் உறிஞ்சிக்கொண்டு ஒய்யாரமாக வந்தாள். “ஹாய் ஆண்ட்டி” என்று சொல்லிவிட்டு ஏ.சி. போடக் காரில் ஏறிக்கொண்டாள்.

“பையைக்கூட நீதான் தூக்கணுமா, வசந்தா?”

“கனமில்லீங்க்கா.”

“மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கிடக்கு? சாப்பிட்டியா?”

“சோறு இறங்கலீங்க்கா. செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஸ்பீச். எல்லாருக்கும் முன்னாடி அஞ்சு நிமிஷம் நின்னு இங்கிலீஷ்ல பேசோணும். அதுல விட்டா பாடமே போச்சுன்னுட்டாங்க.”

“எங்களுக்குன்னு சொல்லாதே. அவளுக்கு ஸ்பீச். பதினேழு வயசுப் பொண்ணுக்குப் பேசத் தெரியாதா? நீ ஏன் சாப்பிடாம கிடக்கணும்?”

வசந்தாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விசாலாக்ஷி பேசும்போது நடுவில் புகுந்தவர்கள் அந்த ஊரில் கிடையாது.

“குழந்தைகளை நம்பி விடணும், வசந்தா. சும்மா பின்னாலயே சுத்தினா எப்ப வளரும்? என்னைப் பாரு…”

கையிலிருந்த போன் சிணுங்கியது. மேப்பில் தீபக்கின் நீலப் புள்ளி நகர்ந்திருந்தது.

“லைப்ரரியில இருக்கேன்னு சொல்லிட்டு கேஃபட்டீரியாவுல இருக்கான். அடுத்த மாசம் எங்களுக்கு எஸ்.ஏ.டி. பரீட்சை இருக்கு, இவன் பீட்சா திங்கறான்.” சூட்டோடு சூடாக அவனுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். “எங்கே விட்டேன்?”

“குழந்தைகளை நம்போணும்னு சொல்லிட்டு இருந்தீங்க்கா.”

“ஆங். செவ்வாய்க்கிழமை நீ அந்தக் கிளாஸ் பக்கமே தலைகாட்டக் கூடாது. எனக்கு ப்ராமிஸ் பண்ணு. இல்லேன்னா ஸ்கூல் கவுன்சலர்கிட்ட நானே போய்ச் சொல்லிடுவேன். கோவிச்சுக்காதே, அந்தப் பொண்ணோட நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

வசந்தாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. பை வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சரீங்க்கா. போகலை. நேத்து ராத்திரியே விட்டுரலாம்னுதான் நெனச்சேன்.”

கார்க் கண்ணாடி இறங்கியது.

“நோ மா. நீ போற.”

“கயல், பயப்படாதேம்மா,” என்றாள் விசாலாக்ஷி, குரலில் தேன் வழிய. “அம்மா வராட்டியும் நீ நன்னாவே பேசுவே.”

கயல் இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆண்ட்டி, என் காலேஜ் கிளாஸ் எல்லாம் டிசம்பர்லயே டன்.”

“அப்போ இந்தக் கிளாஸ்?”

“கயலு, வேண்டாம் கண்ணு,” என்றாள் வசந்தாமணி. “ஃபெயில் ஆயிட்டா கோயில்ல எல்லாரும் சிரிப்பாங்க.”

“யாரும் சிரிக்க மாட்டாங்க மா.” கயல் விசாலாக்ஷியின் பக்கம் திரும்பினாள். “இந்தக் காலேஜ்ல படிக்கறது அம்மா, ஆண்ட்டி. பேசும்போது பார்க்கறதுக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணு வேணும்னாங்க. அதான் ப்ரொஃபஸர்கிட்ட பர்மிஷன் கேட்டு நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்.”