பேசாத ஒரு நிமிடம்

"ஒரே நிமிஷம்! அதுக்குள்ள உங்க தொழில் கேட்கிறவங்க மனசுல உட்காரணும். இல்லையா, கடையை மூடிட்டுப் போங்க!" என்றார் பேச்சுப் பயிற்சியாளர், தன் கோட்டுக் காலரைத் தடவியபடி.

அடுத்துப் பேசவேண்டிய தொழில் சங்கத்தின் புது உறுப்பினர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இன்று ஒரு ஆர்டராவது வராவிட்டால் கடையை மூடுவதென்று வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

"மனப்பாடம் பண்ணினதை அப்படியே ஒப்பிச்சுட்டு வாங்க" என்று தள்ளிவிட்டாள் மனைவி.

மேடையேறினார். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. பயிற்சியாளரின் கைக்கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது.

"பேரையாவது சொல்லுங்க சார்!" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. மனைவி பதறியெழுந்து, பக்கத்திலிருந்த ஜன்னலைத் திறந்தாள்.

லாரி ஹாரன்களும் சாலையைத் தோண்டும் இயந்திரமும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. கூட்டமே காதைப் பொத்தியது. அவள் அவசரமாக மூடினாள். மறுபடி அதே நிசப்தம்.

அவருக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"இந்த ஜன்னலைப் போட்டது... நாங்கதாங்க."

எல்லோரும் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மருத்துவமனை நடத்துபவர் முதல் ஆளாக ஓடிவந்தார்.

"எங்க வார்டு முழுக்க இதே ஜன்னல் வேணும்!"

பயிற்சியாளர் கைகூப்பினார். "என்ன ஒரு மௌனம்! இத்தனை வருஷமா பேசக் கத்துக்கொடுக்கிறேன், இப்படி ஒரு உத்தி எனக்குத் தோணலையே!"

லிஃப்டில் கணவர் மனைவியைப் பிரமிப்போடு பார்த்தார். "உனக்கு எப்படிம்மா அந்த யோசனை வந்துச்சு?"

"யோசனையா? நீங்க மயக்கம் போட்டு விழுந்துடுவீங்களோன்னு காத்துக்குத் திறந்தேங்க!"